‘சேமிக்கப்பட்டது’ என்று கணினி சொன்னால் நம்பலாமா?

கலேவெல நகரில், குருநாகல் – தம்புள்ளை வீதியோரம் உள்ள ஒரு கடையின் பின்னறையில் எங்கள் சிறு குழுவின் கணினி இருக்கிறது. 1977 இலும் 1983 இலும் மாத்தளை மாவட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய், 2009 இல் அங்கேயும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களின் ஆவணங்களையும் வாய்மொழிச் சாட்சியங்களையும் பதிந்து வைப்பதுதான் எங்கள் வேலை. மாத்தளையிலிருந்து வருபவருக்கும் வடக்கிலிருந்து தம்புள்ளை வழியாக வருபவருக்கும் பஸ் வசதி உள்ள இடம் என்பதால் கலேவெலவைத் தெரிவு செய்தோம்.

ஒருநாள் கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பிறந்தது மாத்தளையில் ஒரு தோட்டத்தில். 1977 கலவரத்தில் சிறுமியாக வெளியேறியவர். கடைசிப் போரில் மகனைத் தொலைத்தவர். ஷொப்பிங் பையிலிருந்து ஒவ்வொரு கடதாசியாக எடுத்துத் தந்தார், மகனின் கதையையும் சொன்னார். நான் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். முடிந்ததும், “பிள்ளை, எல்லாம் பதிஞ்சாச்சா?” என்று கேட்டார். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. “ஓம் அம்மா, பதிஞ்சாச்சு” என்றேன். கடதாசிகளைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு தம்புள்ளை பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸின் பற்றரி பழையது, தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியபோது கணினி எழுந்தது, தரவுத்தளம் எழவில்லை. கையில் இருந்தது முதல்நாள் இரவு எடுத்த காப்புப்பிரதி மட்டும்தான். அன்று பதிந்த நான்கு குடும்பங்களின் விபரங்களும் அதில் இல்லை.

பிழை என்னுடையது. சில கிழமைகளுக்கு முன்னர் ஸ்கேன் செய்த பக்கங்களை மொத்தமாக ஏற்றும்போது வேலை மெதுவாக நடந்தது. இணையத்தில் பார்த்த ஓர் ஆலோசனையின்படி ஓர் அமைப்பை ‘ஓஃப்’ செய்தேன். வேலை பறந்தது. திரும்ப ‘ஓன்’ செய்ய மறந்துபோனேன்.

எங்கள் சனங்களிடம் இன்று இதுபோன்ற பட்டியல்கள் பல இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோர் விபரம், காணி உறுதி, பெர்மிட், மீள்குடியேற்றப் பதிவு, கிராமத்தின் இழப்புக் கணக்கு என்று சங்கங்களும் ஆலயங்களும் இளைஞர் குழுக்களும் தொகுத்து வைத்திருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. நாங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளம் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்து வரும். அமைப்புகளின் பெயர்களை ஒலிக்கிற மாதிரித் தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டுடன் இருக்கும்.

சிட்டையும் பேரேடும்

பழைய மொத்தக் கடைகளில் இரண்டு கொப்பிகள் இருக்கும். கொடுக்கல் வாங்கல் நடந்த கையோடு சிட்டையில் ஒரு வரி விழும். இரவில் கடை பூட்டிய பிறகு அது பேரேட்டில் ஒழுங்காக ஏறும். பேரேடு எழுதுமுன் விளக்கு அணைந்தாலும் பயமில்லை. சிட்டை இருந்தால் கணக்கைத் திருப்பி எழுதலாம்.

தரவுத்தளமும் இப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் ஒரு பதிவைச் சேமிக்கும்போது அது உடனே அட்டவணைக் கோப்பில் எழுதப்படுவதில்லை. முதலில் ‘முன்னெழுதும் குறிப்பேடு’ ஒன்றில் ஒரு வரியாக விழுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் இதனை ‘வோல்’ என்பார்கள். இந்தச் சிட்டை, 16 மெகாபைட் அளவுள்ள கோப்புகளாக வன்தட்டில் இருக்கும். மின்சாரம் போய்த் திரும்பினால் தரவுத்தளம் சிட்டையை வாசித்து, பேரேட்டில் விடுபட்டதை எழுதிக்கொள்ளும்.

ஒரு பதிவை முடித்து உறுதி செய்யும் செயலுக்குக் ‘கமிட்’ என்று பெயர். ‘கமிட் முடிந்தது’ என்ற பதில் வந்தால் அந்தப் பதிவின் வரி சிட்டையில் இருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த வரி வன்தட்டில் உண்மையாகவே பதிந்துவிட்டதா, அல்லது மின்சாரம் போனால் மறைந்துவிடும் நினைவகத்தில் நிற்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணினியின் இயங்குதளம் வேகத்துக்காக எழுத வேண்டியதைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு வன்தட்டுக்கு அனுப்பும். “இப்போதே வன்தட்டில் எழுது, எழுதி முடித்த பின் சொல்” என்று தரவுத்தளம் இயங்குதளத்துக்கு இடும் கட்டளைதான் ‘எஃப்சின்க்’.

தொடவே கூடாத அமைப்பு

போஸ்ட்கிரெஸ்ஸில் ‘எஃப்சின்க்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு உண்டு. வழக்கமாக அது ‘ஓன்’ இல் இருக்கும். நான் அணைத்தது இதைத்தான்.

இதை அணைத்தால் சிட்டையும் பேரேடும் எந்த ஒழுங்கில் வன்தட்டுக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேரேட்டின் பாதிப்பக்கம் புதிதாகவும் பாதிப்பக்கம் பழையதாகவும் இருக்கலாம். அதைத் திருத்த வேண்டிய சிட்டை வரி வந்து சேராமலே இருக்கலாம். ஆகவேதான் ஒரு மணித்தியாலத்துக்கு முந்திய பதிவும் சேர்ந்து போனது. கடைசிச் சில வினாடிகளோடு இழப்பு நிற்கவில்லை, தரவுத்தளம் முழுவதும் பழுதானது. பழுதான கோப்புகளிலிருந்து துண்டு துண்டாக மீட்க வழி உண்டு. ஆனால் மீட்டது சரியானது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு தாயின் சாட்சியத்தில் ‘இது சரியாகத்தான் இருக்கும்’ என்ற நிலை எங்களுக்கு உதவாது.

இதேபோல ‘ஃபுல்_பேஜ்_ரைட்ஸ்’ என்ற அமைப்பையும் ‘ஓன்’ இலேயே விட வேண்டும். பாதியில் அறுந்த பக்கங்களைத் திருத்துவதற்கான முழுப்பிரதியைச் சிட்டையில் வைப்பது அதுதான்.

வேகம் வேண்டுமானால்

வேகத்துக்காக விட்டுக்கொடுக்கக்கூடிய அமைப்பு வேறொன்று இருக்கிறது: ‘சின்க்ரனஸ்_கமிட்’. இதை ‘ஓஃப்’ செய்தால், சிட்டை வன்தட்டில் பதியுமுன்னரே ‘முடிந்தது’ என்ற பதில் வந்துவிடும். பின்னணியில் ஓர் எழுத்தர், வழக்கமான அமைப்பில் 200 மில்லிவினாடிக்கு ஒருமுறை, சிட்டையை வன்தட்டில் பதிப்பார். மின்சாரம் போனால் கூடியது அதன் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 0.6 வினாடிக்குள் முடிந்ததாகச் சொல்லப்பட்ட பதிவுகள் இல்லாமல் போகலாம். ஆனால் தரவுத்தளம் பழுதாகாது. மிச்சம் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

‘எஃப்சின்க்’ஐ அணைத்தால் பேரேடே கிழியலாம். ‘சின்க்ரனஸ்_கமிட்’டை அணைத்தால் சிட்டையின் கடைசிச் சில வரிகள் மட்டுமே போகும். இரண்டும் ஒரே வேகத்தைத் தருவதுபோலத் தோன்றும்; விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2008 இல் வந்த 8.3 ஆம் பதிப்பிலேயே இந்தப் பாதுகாப்பான வழி போஸ்ட்கிரெஸ்ஸில் வந்துவிட்டது. அது தெரிந்திருந்தால் அன்று நான் மற்றதைத் தொட்டிருக்க மாட்டேன்.

இன்னொரு வசதி, இதை ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக மாற்றலாம். பதிவுத் தொடரின் ஆரம்பத்தில் ‘செற் லோக்கல்’ என்ற கட்டளையால் ‘சின்க்ரனஸ்_கமிட்’டை மாற்றினால் அந்தத் தொடருக்கு மட்டும் அது செல்லும். ஸ்கேன் படங்களின் சிறு உருவங்களை ஏற்றும்போது நாங்கள் ‘ஓஃப்’ வைக்கிறோம். போனால் திரும்பச் செய்யலாம். சாட்சியம் பதியும்போது ஒருபோதும் வைப்பதில்லை. திரும்பப் பெற முடியாதது எது, திரும்பச் செய்யக்கூடியது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அமைப்பு அதற்குப் பிறகுதான்.

வன்தட்டும் பொய் சொல்லும்

எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பதிவு போகலாம். சாதாரண வன்தட்டுகளிலும் மலிவான எஸ்எஸ்டிகளிலும் உள்ளேயே ஒரு சிறு நினைவகம் உண்டு. சில அதில் வாங்கி வைத்துக்கொண்டே “எழுதிவிட்டேன்” என்று சொல்லிவிடும். சேர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில், மின்சாரம் போனாலும் மிச்சத்தை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கி இருக்கும். வாங்கும்போது ‘மின்னிழப்புப் பாதுகாப்பு’ உள்ளதா என்று கேளுங்கள்.

‘பிஜி_டெஸ்ட்_எஃப்சின்க்’ என்ற சிறு நிரல் போஸ்ட்கிரெஸ்ஸோடு வருகிறது. ஒரு வினாடியில் எத்தனை தடவை வன்தட்டில் உண்மையாக எழுத முடிகிறது என்று அது காட்டும். நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் சாதாரண வன்தட்டு வினாடிக்கு 120 தடவைதான் சுற்றும். அது ஆயிரக்கணக்கில் எழுதுவதாகச் சொன்னால் பொய் சொல்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ்ஸை உருவாக்குபவர்களே இந்த விடயத்தில் ஏமாந்திருக்கிறார்கள். எழுதுவது ஒருமுறை தோல்வியடைந்தால், அடுத்த முறை கேட்கும்போது லினக்ஸ் இயங்குதளம் “எல்லாம் சரி” என்று பதில் தரக்கூடும் என்பது 2018 இல்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. 2019 பெப்ரவரியில் வந்த திருத்தங்களில், எஃப்சின்க் ஒருமுறை தவறினாலே தரவுத்தளம் தன்னை நிறுத்தி, சிட்டையிலிருந்து மீண்டும் தொடங்கும்படி மாற்றினார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

நாங்கள் இப்போது செய்யும் சோதனை எளிமையானது. வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் 1, 2, 3 என்று இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பதிய விடுவோம். ‘முடிந்தது’ என்று வந்த கடைசி இலக்கத்தை இன்னொரு கணினியின் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, வயரைப் பிடுங்குவோம். திரும்ப இயக்கியதும் அந்த இலக்கம் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கணினியில் சாட்சியம் பதிவதில்லை. உண்மையான தரவு உள்ள கணினியில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது இடம்

ஒரு கணினியில் எவ்வளவு உறுதியாகப் பதிந்தாலும் அது ஓர் இடம்தான். தீ, வெள்ளம், களவு, சோதனை என்று வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாமே போய்விடும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றை வேறு இடங்களில் தேடி எடுக்க முடிந்தது. வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகள் போனது போனதுதான். போருக்குப் பின் பிறப்புச் சான்றிதழ் தேடி அலைந்தவர்களுக்கும் இது தெரியும். பதிவேட்டின் மறுபிரதி வேறோர் அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

தரவுத்தளத்தில் இந்த மறுபிரதி வேலைக்கு ‘ரெப்ளிகேஷன்’ என்று பெயர். முதன்மைக் கணினி தன் சிட்டையை வரி வரியாக இன்னொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துணைக் கணினி அதைத் தன் வன்தட்டில் எழுதி, தன் பேரேட்டிலும் ஏற்றிக்கொள்ளும். ‘பிஜி_பேஸ்பேக்கப்’ என்ற நிரலால் முதல் பிரதியை எடுத்துத் துணையைத் தொடங்கலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. துணைக்கு அனுப்பிவிட்டு அதன் பதிலுக்குக் காத்திராமல் ‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்வது ஒத்திசையாத வகை. துணையின் பதில் வந்த பிறகே சொல்வது ஒத்திசைந்த வகை. முதலாவதில் முதன்மைக் கணினி அழிந்தால் கடைசியாகச் சொன்ன சில பதிவுகள் துணையில் இல்லாதிருக்கலாம். 2018 ஒக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் இரு தளங்களுக்கிடையே இணைப்பு 43 வினாடிகள் மட்டும் அறுந்தது. அதற்குள் துணைத் தளம் தானாகவே முதன்மையானது. பழைய முதன்மையில் எழுதப்பட்ட சில பதிவுகள் புதியதில் இருக்கவில்லை. கணக்கைச் சரிசெய்து சேவை வழமைக்குத் திரும்ப 24 மணித்தியாலங்களுக்கு மேல் எடுத்தது.

எந்த அளவுக்குக் காத்திருப்பது

ஒத்திசைந்த முறை 2011 இல் 9.1 ஆம் பதிப்போடு போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வந்தது. எந்தத் துணைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதைச் ‘சின்க்ரனஸ்_ஸ்டான்ட்பை_நேம்ஸ்’ என்ற அமைப்பில் எழுத வேண்டும். அது வெறுமையாக இருந்தால் எத்தனை துணைகள் இருந்தாலும் முதன்மை எதற்கும் காத்திராது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். துணைக் கணினி ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் ஒத்திசைந்துதான் நடக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு தூரம் காத்திருப்பது என்பதை மேலே சொன்ன ‘சின்க்ரனஸ்_கமிட்’டே தீர்மானிக்கும். அதற்கு ஐந்து நிலைகள் உண்டு.

ஓஃப்: எதற்கும் காத்திராது.
லோக்கல்: தன் வன்தட்டில் பதியும்வரை மட்டும் காத்திருக்கும்.
ரிமோட்_ரைட்: துணைக் கணினி வாங்கி இயங்குதளத்திடம் கொடுக்கும்வரை காத்திருக்கும். துணையின் வன்தட்டில் பதிந்திருக்க வேண்டியதில்லை.
ஓன்: துணையின் வன்தட்டிலும் பதியும்வரை காத்திருக்கும். வழக்கமான நிலை இதுதான்.
ரிமோட்_அப்ளை: துணையின் பேரேட்டிலும் ஏறி, அங்கே தேடினால் தெரியும்வரை காத்திருக்கும்.

சாட்சியப் பதிவுக்கு ‘ஓன்’ தேவை. ‘ரிமோட்_ரைட்’ போதாதா என்று எங்கள் குழுவில் ஒரு நண்பர் கேட்டார். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியை நினைவுபடுத்தினேன். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமை அது. இரண்டு ஊர்களில் உள்ள இரண்டு கணினிகளும் ஒரே கணத்தில் அணையக்கூடிய நாடு இது. அப்போது துணையின் நினைவகத்தில் மட்டும் இருந்த வரிகள் போய்விடும், முதன்மையின் வன்தட்டில் உள்ள ஒற்றைப் பிரதியே மிஞ்சும்.

யாருக்குக் காத்திருப்பது

எங்களிடம் இப்போது இரண்டு துணைகள். ஒன்று அதே பின்னறையில் ஒரு பழைய மடிக்கணினி, மற்றது மாத்தளை நகரில் ஒரு வீட்டில். முதலில் ‘எனி 1’ என்று எழுதி இரண்டு பெயரையும் கொடுத்தோம். இரண்டில் ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்பது பொருள். பிறகுதான் யோசித்தோம். பக்கத்தில் உள்ள மடிக்கணினிதான் எப்போதும் முந்திப் பதில் சொல்லும். கடையில் தீப்பிடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். மாத்தளையில் கடைசிப் பதிவுகள் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆகவே ‘ஃபெர்ஸ்ட் 1’ என்று மாற்றி, மாத்தளையை முதலாவதாகவும் மடிக்கணினியை இரண்டாவதாகவும் எழுதினோம். இதன்படி மாத்தளைக்கே காத்திருக்கும். மாத்தளையின் இணைப்பு அறுந்தால் மடிக்கணினி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இணைப்பு சத்தமில்லாமல் அறுந்தால், வழக்கமான அமைப்பில் முதன்மை அதை உணர 60 வினாடிகள்வரை ஆகலாம். அதுவரை சேமிக்கும் பொத்தான் சுற்றிக்கொண்டே நிற்கும். துணைகள் இரண்டுமே இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் முடிவில்லாமல் காத்திருக்கும். அது பழுது அல்ல. “இரண்டாவது இடத்தில் பதியாமல் பதிந்ததாகச் சொல்ல மாட்டேன்” என்று அடம்பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் காத்திருப்பில் ஒரு பொறி உண்டு. பொறுமை இழந்து ரத்துச் செய்தாலும், அந்தப் பதிவு முதன்மையின் வன்தட்டில் ஏற்கனவே விழுந்திருக்கும். நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி தட்டச்சு செய்தால் இரட்டைப் பதிவாகிவிடும். ஆகவே ரத்துச் செய்த பிறகு முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

நிலவரத்தைப் பார்க்க ‘பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன்’ என்ற அட்டவணையைக் கேளுங்கள். அதில் ‘சின்க்_ஸ்டேட்’ என்ற நிரலில் ‘சின்க்’ என்று இருந்தால் அந்தத் துணைக்கு இப்போது காத்திருக்கிறது. ‘பொட்டென்ஷியல்’ என்றால் முன்னவர் போனால் அது எடுத்துக்கொள்ளும். ‘எனி’ முறையில் ‘குவோரம்’ என்று இருக்கும். ‘ஏசின்க்’ என்றால் காத்திருப்பே இல்லை. துணை தன்னை அறிமுகப்படுத்தும் பெயரும் நீங்கள் பட்டியலில் எழுதிய பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ‘ஏசின்க்’ என்றுதான் வரும்.

இலண்டனில் ஒரு பிரதி வைக்கலாமா?

புலம்பெயர்ந்த உறவுகள் கேட்கும் கேள்வி இது. வைக்கலாம், நல்லதும்கூட. ஆனால் ஒவ்வொரு பதிவும் அங்கே போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து இலண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். போய் வர இயற்கை விதிப்படியே 87 மில்லிவினாடிக்குக் குறையாது. வளைந்து செல்லும் கடலடிக் கேபிளில் இன்னும் கூடும்.

வங்கிக்கு இது பெரிய சுமை. ஒரு மனிதர் சொல்ல இன்னொரு மனிதர் தட்டச்சு செய்யும் வேலையில் இது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஒத்திசைந்த முறை ‘மெதுவானது’ என்று இணையத்தில் எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரு வினாடியில் விழும் இடங்களை மனதில் வைத்து எழுதுகிறார்கள். ஒரு சாட்சியத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும் எங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. இணைப்பு அடிக்கடி அறும் என்றால், அருகிலுள்ள ஊருக்கு ஒத்திசைந்தும் தூர தேசத்துக்கு ஒத்திசையாமலும் அனுப்புங்கள்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு பிரதியும் ஒரு புதிய கதவு. சாட்சியம் சொன்னவரின் பெயரும் ஊரும் அங்கேயும் இருக்கிறது. எல்லாத் துணைகளிலும் வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும், கணினிகளுக்கிடையே போகும் இணைப்பும் அப்படியே. யார் வீட்டில் பிரதி இருக்கிறது என்பதைச் சாட்சியம் தந்தவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு

பல சங்கங்களின் இணையத்தளங்கள் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபியில் ஓடுகின்றன. அங்கே ‘இன்னோடிபி_ஃப்ளஷ்_லொக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட்’ என்ற அமைப்பு 1 ஆக இருக்க வேண்டும். 0 அல்லது 2 ஆக இருந்தால் ஏறத்தாழ ஒரு வினாடிப் பதிவுகள் மின்தடையில் போகலாம். ‘சின்க்_பின்லொக்’கும் 1 ஆக இருக்கட்டும்.

மைஎஸ்கியூஎல்லின் ‘செமிசின்க்’ முறையும் துணைக்குக் காத்திருக்கும். ஆனால் வழக்கமான அமைப்பில் 10 வினாடிகளில் பதில் வராவிட்டால் ஒத்திசையாத முறைக்குத் தானாக மாறிவிடும். பதிபவருக்கு ஒன்றும் தெரியாது. ‘சேமிக்கப்பட்டது’ என்றே வரும். போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும், மைஎஸ்கியூஎல் வாக்கைத் தளர்த்திக்கொண்டு தொடரும். எது நல்லது என்பது வேலையைப் பொறுத்தது. உங்களுடையது எந்த வகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துணைப்பிரதி காப்புப்பிரதி ஆகாது

துணைக் கணினி முதன்மை செய்வதையெல்லாம் அப்படியே செய்யும். நீங்கள் தவறுதலாக ஒரு பட்டியலை அழித்தால் அதுவும் அழிக்கும், மாத்தளைக்குப் போய் உறுதிப்படுத்திய பின்னரே ‘அழிக்கப்பட்டது’ என்று சொல்லும். ஆகவே நேற்றைய, போன கிழமைய நிலைக்குத் திரும்பும் வழி தனியாக வேண்டும்.

2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவையில் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த காப்புப்பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்புக்கு வெளியே பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே நடந்தது இது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியியலாளர் துணைக் கணினி என்று நினைத்து முதன்மையின் தரவை அழித்தார். அவர்களிடம் பல வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. பார்த்தால் அன்றாடக் காப்புப்பிரதி பல நாட்களாகவே தோல்வியடைந்து வந்திருக்கிறது; எச்சரிக்கை மின்னஞ்சல்கள் யாருக்கும் சேரவில்லை. ஆறு மணித்தியாலம் முன்னர் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்காமல் முழுமையாக வெளியிட்டபடியால்தான் நாங்கள் கற்றுக்கொள்ள முடிகிறது.

போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்குரிய வழி, கிழமைக்கு ஒரு முழுப்பிரதியும் அதன் பின்னரான சிட்டைக் கோப்புகளும். ‘ஆர்கைவ்_கமாண்ட்’ என்ற அமைப்பு நிரம்பிய சிட்டைகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும். இரண்டும் இருந்தால் ‘செவ்வாய் பிற்பகல் 3 மணிக்கு இருந்த நிலை’ என்று குறிப்பிட்டுத் திரும்பலாம். ஒரு பிரதியாவது எந்தக் கணினியிலும் செருகாமல் அலுமாரியில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை எடுத்து வேறொரு கணினியில் உண்மையாக மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி வெறும் நம்பிக்கைதான்.

முதன்மைக் கணினி இறந்தால் துணையை முதன்மையாக்குவதைத் தானியங்கிக்கு விட வேண்டாம். சிறு குழுவுக்கு ஒரு மனிதர் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டுச் செய்வதே நல்லது. பழைய முதன்மை மறுபடி எழுந்து இரண்டு முதன்மைகள் ஆகாதபடி அதன் வயரைக் கழற்றி வையுங்கள்.

திரும்பச் சொல்ல வைக்காமல்

அந்த அம்மாவுக்கு மறுநாள் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பரவாயில்லை பிள்ளை, திரும்பச் சொல்றன்” என்றார். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013 இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் இதே கதையைச் சொன்னவர்கள் எங்கள் தாய்மார். ஒவ்வொரு முறையும் ‘பதிந்தாயிற்று’ என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள். அந்த வரிசையில் என் பெயரும் சேர்ந்துவிட்டது.

இப்போது எங்கள் பதிவுத் திரையில் பச்சை எழுத்து வருவதற்கு முன், கலேவெலவின் வன்தட்டிலும் மாத்தளையின் வன்தட்டிலும் அந்த வரி விழுந்திருக்கும். மாத்தளை இணைப்பில் இல்லாத நாட்களில் திரையின் மேலே ‘ஒரே ஊரில் மட்டும்’ என்று சிவப்பில் வரும்படி செய்திருக்கிறோம். அன்றைக்கு வருபவர்களிடம், “நாளைக்கும் ஒருக்கா உறுதிப்படுத்திச் சொல்றம், அதுவரைக்கும் கடதாசியளின்ட போட்டோக் கொப்பியை விட்டிட்டுப் போங்கோ” என்று சொல்கிறோம்.

உங்கள் பட்டியலை வைத்திருக்கும் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும்போது அது எந்த வன்தட்டில் இருக்கிறது? எத்தனை ஊரில் இருக்கிறது? கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? மூன்றுக்கும் பதில் வரும்வரை மூலக் கடதாசியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.